அளவு வரவில்லை என்றால் வழி காலி என்று அர்த்தமில்லை

கேட்கப்பட்டது இதுதான்: "ரோபோவின் முன்பக்கம் ஒன்று, இடம் வலம் ஒவ்வொன்று என மூன்று வி.எல்.53எல்0எக்ஸ் லேசர் சென்சார்கள் வாங்கினேன். தனித்தனியாக இணைத்தால் வேலை செய்கின்றன. மூன்றையும் சேர்த்தால் ஒன்றும் வருவதில்லை. அதனால் இப்போதைக்கு முன்னால் இருப்பதை மட்டும் வைத்து ஓட்டுகிறேன். அதிலும் அடிக்கடி 8190 என்று வருகிறது. கூடத்தில் இருக்கும் கறுப்பு சோபாவில் போய் இடிக்கிறது. பாயின் மேல் ஏறினால் எதிரே ஒன்றும் இல்லாமலே நின்றுவிடுகிறது. மொட்டை மாடியில் சுத்தமாக நம்ப முடியவில்லை. பழைய அல்ட்ராசோனிக்குக்கே திரும்பிவிடலாமா?"

திரும்ப வேண்டாம். உங்கள் சென்சார் கெட்டுப்போகவும் இல்லை. நீங்கள் சொன்ன குறைகளில் மூன்று சென்சார் சேராதது மட்டும்தான் வயரிங் விஷயம். மற்றவை எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: இதை ஒரு டேப் அளவுகோல் போல நினைத்து நிரல் எழுதியிருக்கிறீர்கள். லேசர் என்ற பெயரைக் கேட்டதும் நேர்கோட்டில் போய் ஒரு புள்ளியைத் தொட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்தான் மனதில் வரும். இந்தச் சின்னச் சில்லு அப்படி வேலை செய்வதில்லை.

எஸ்.டி. மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் தயாரிக்கும் இந்தச் சில்லின் நீளம் 4.4 மி.மீ., அகலம் 2.4 மி.மீ., தடிமன் 1 மி.மீ. ஒரு அரிசி மணியின் நீளம்கூட இல்லை. அதற்குள் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை உமிழும் ஒரு நுண் லேசரும், ஒற்றை ஃபோட்டான் (ஒளித்துகள்) விழுந்தாலே துடிக்கக்கூடிய டயோடுகளின் வரிசையும் இருக்கின்றன. ஒளி ஒரு நானோ விநாடியில் 30 செ.மீ. போய்விடும். ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சுவருக்குப் போய்த் திரும்ப ஏழு நானோ விநாடிகூட ஆகாது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பிரித்தறிய வேண்டுமானால் சுமார் 6.7 பிக்கோ விநாடியைப் பிரித்தறிய வேண்டும். ஒரே ஒரு துடிப்பை வைத்து அதைச் செய்ய முடியாது. அதனால் லேசர் திரும்பத் திரும்பத் துடிக்கிறது. திரும்பி வந்த ஃபோட்டான்கள் எப்போது வந்தன என்று சென்சார் எண்ணிக்கொண்டே போகிறது. கொடுத்த நேரம் முடிந்ததும் அந்த எண்ணிக்கையிலிருந்து ஒரு தூரத்தைச் சொல்கிறது. வழக்கமாகக் கொடுக்கும் நேரம் 33 மில்லி விநாடி.

உங்கள் கையில் வரும் எண் அப்படி எண்ணிச் சேர்த்த ஒரு முடிவு. திரும்பி வந்த ஃபோட்டான்கள் குறைவாக இருந்தால் முடிவு தள்ளாடும். வேறு எங்கிருந்தோ வந்த ஃபோட்டான்கள் கலந்தால் முடிவு பொய்யாகும். சோபா முதல் வகை, மொட்டை மாடி இரண்டாம் வகை, பாய் மூன்றாவதாக ஒரு வகை. பாயிலிருந்தே தொடங்குகிறேன். பலரும் கவனிக்காமல் விடுவது அதைத்தான்.

இந்தச் சென்சாரின் பார்வை ஒரு கூம்பு. அதன் விரிவு 25 டிகிரி. ஒரு மீட்டர் தூரத்தில் அந்தக் கூம்பின் குறுக்களவு சுமார் 44 செ.மீ. ஒரு பெரிய தாம்பாளத்தை எதிரே பிடித்ததுபோல அவ்வளவு இடத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு எண்ணைச் சொல்கிறது. கூம்பின் கீழ்விளிம்பு நடுக்கோட்டிலிருந்து 12.5 டிகிரி தாழ்ந்திருக்கும். சென்சார் தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் இருந்தால் 22 செ.மீ. தாண்டியதுமே அந்த விளிம்பு தரையைத் தொட்டுவிடும். அதற்கு அப்பால் சென்சார் எதிரே இருப்பதையும் தரையையும் சேர்த்தேதான் பார்க்கிறது.

அப்படியானால் பாய் இல்லாத வெறும் தரையில் ஏன் இந்தப் பிரச்சினை வரவில்லை? பளபளப்பான டைல்ஸ் தரை சாய்வாக விழும் ஒளியைக் கண்ணாடி மாதிரி முன்னோக்கித் தள்ளிவிடும். சென்சாருக்குத் திரும்பி வருவது மிகக் குறைவு. எதிரே சுவர் இருந்தால் சுவரின் ஒளி அதை அமுக்கிவிடும். பாய், ஜமக்காளம், பூச்சு வேலை முடியாத சிமெண்ட் தரை எல்லாம் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கும். அதில் ஒரு பங்கு சென்சாருக்கே திரும்பும். எதிரே ஒன்றும் இல்லாதபோது அந்தச் சிறு பங்குதான் சென்சாருக்குக் கிடைக்கும் ஒரே செய்தி. அதை வைத்து முப்பதோ நாற்பதோ செ.மீ. என்று சொல்லிவிடும். ரோபோ சொன்னபடி கேட்டு நிற்கிறது.

இதற்கு முதல் மருந்து உயரம். 5 செ.மீ.யிலிருந்து 8 செ.மீ.க்கு உயர்த்தினால் தரை தொடங்கும் இடம் 22-லிருந்து 36 செ.மீ.க்குத் தள்ளிப்போகும். இரண்டாவது, சென்சாரைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ப்பது. முழு 12.5 டிகிரி சாய்த்தால் தரை அறவே தெரியாது. ஆனால் தரையோடு கிடக்கும் செருப்பும் தெரியாது. நான் 6 முதல் 8 டிகிரிக்குள் வைப்பேன். ஒரு பக்கம் மட்டும் வாஷர்களைக் கூடுதலாகப் போட்டுத் திருகி அந்தச் சாய்வைக் கொண்டுவரலாம். மூன்றாவது வழி, அடுத்த தலைமுறைச் சென்சாரான வி.எல்.53எல்1எக்ஸ் (இனி எல்1எக்ஸ்; உங்களிடம் இருப்பது எல்0எக்ஸ்). அதில் 16-க்கு 16 டயோடு வரிசை இருக்கிறது. அதில் எந்தப் பகுதியை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று நிரலிலேயே சொல்லலாம், 4-க்கு 4 வரை சுருக்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அதன் வாங்கும் பக்கத்தில் ஒரு லென்ஸ் இருக்கிறது, அது உருவத்தைத் தலைகீழாக்கும். மேலே பார்க்க வேண்டுமானால் வரிசையின் கீழ்ப்பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு மாலை முழுவதும் தரையையே இன்னும் நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூம்பு என்பதை மனதில் வாங்கிக்கொண்டால் வேறு சில புதிர்களும் அவிழும். நாற்காலிக் கால் மூன்று செ.மீ. அகலம். ஒரு மீட்டரில் 44 செ.மீ. கூம்பில் அது ஒரு கீற்று. அதன் பின்னால் சுவர் இருந்தால் இரண்டிலிருந்தும் ஒளி வரும். சென்சார் சொல்லும் எண் காலின் தூரமாகவும் இருக்காது, சுவரின் தூரமாகவும் இருக்காது, இடையில் ஏதோ ஒன்றாக இருக்கும். கிட்டே போகப் போகக் காலின் பங்கு கூடி எண் சரியாகும். சர்வோ மோட்டாரின் மேல் இந்தச் சென்சாரை வைத்துச் சுழற்றி அறையின் வரைபடம் எடுக்க முயல்பவர்களுக்கு மூலைகள் எல்லாம் வழவழப்பாக உருண்டு வருவதும் இதனால்தான். சுவர் அருகே வருகிறதா என்று பார்க்க இது நல்ல சென்சார். வரைபடத்துக்கு இது பொருந்தாது.

இன்னொன்று, ரோபோவின் சொந்த உடம்பு கூம்புக்குள் வந்துவிடக் கூடாது. முன்பக்கத் தகடு இரண்டு செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தாலோ, ஒரு ஜம்பர் வயர் வளைந்து முன்னால் தொங்கினாலோ அதிலிருந்து வரும் ஒளியே எல்லா அளவையும் கெடுக்கும். சென்சாருக்கு முன்னால் அழகுக்காக அக்ரிலிக் தகடு வைப்பவர்கள் அதைவிடப் பெரிய தொல்லையை வரவழைக்கிறார்கள். லேசரின் ஒளியில் ஒரு பகுதி தகட்டுக்குள்ளேயே எதிரொளித்து நேராக டயோடுகளுக்குப் போய்விடும். விளைவு, தூரத்தில் இருப்பதெல்லாம் அருகில் இருப்பதாகத் தெரியும். தூசிக்குப் பயந்து தகடு வைத்தே ஆக வேண்டும் என்றால் சென்சாரோடு கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் வையுங்கள். பிறகு இதற்கென்று லைப்ரரியில் (சென்சாருக்கான ஆயத்த நிரல் தொகுப்பில்) உள்ள அளவுத்திருத்தத்தைச் செய்யுங்கள். வீட்டுக்குள் ஓடும் ரோபோவுக்குத் தகடே வேண்டாம். புதுச் சென்சாரின் முகத்தில் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒட்டியிருக்கலாம், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அதை உரிக்காமலே வாரக்கணக்கில் நிரலைத் திருத்திக்கொண்டிருந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சோபா, மொட்டை மாடி. பெட்டியில் "2 மீட்டர்" என்று போட்டிருக்கும். அது பொய்யில்லை, ஆனால் முழுக்கதையும் இல்லை. தயாரிப்பாளரின் தகவல் ஏட்டிலேயே ஒரு அட்டவணை இருக்கிறது. ஒளியில் 88 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பரப்பு, வீட்டுக்குள்: பொதுவாக 2 மீட்டருக்கு மேல். 17 சதவீதம் மட்டுமே திருப்பும் சாம்பல் பரப்பு, வீட்டுக்குள்: 80 செ.மீ. அதே சாம்பல் பரப்பு வெளியே: 50 செ.மீ., குறைந்தபட்ச உறுதி 40 செ.மீ.தான். அந்த "வெளியே" என்பதும் மேகமூட்டமான பகல், சுமார் 5,000 லக்ஸ் வெளிச்சம். நம் ஊர் மொட்டை மாடியில் உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸை ஒட்டி இருக்கும். 940 நானோமீட்டரைத் தேர்ந்தெடுத்ததே, காற்றில் உள்ள நீராவி சூரிய ஒளியில் அந்தப் பகுதியை ஓரளவு விழுங்கிவிடுகிறது என்பதால்தான். அப்படியும் மிஞ்சி வருவது இந்தக் குட்டி லேசரை மூழ்கடிக்கப் போதும். பழைய குண்டு பல்புக்கு நேராகக் காட்டினாலும் இதே கதை, அதுவும் அகச்சிவப்பை அள்ளிக் கொட்டும். எல்.இ.டி. விளக்கு அப்படிச் செய்வதில்லை.

வெளியே ஓட்டியே ஆக வேண்டுமென்றால் எல்1எக்ஸ் சென்சாரின் குறுந்தூர முறை கைகொடுக்கும். அதன் தகவல் ஏட்டில் எனக்கு மிகவும் பிடித்த வரி இது: நெடுந்தூர முறையில் இருட்டில் 360 செ.மீ. எட்டும் சென்சார், கடும் வெளிச்சத்தில் 73 செ.மீ.க்குச் சுருங்குகிறது. குறுந்தூர முறையில் இருட்டில் 136, அதே கடும் வெளிச்சத்தில் 135. அதிகம் எட்டும் முறையை வைத்தால் அதிகம் தெரியும் என்று நினைப்போம். வெயிலில் நடப்பது நேர்மாறு. எதற்கும் நெடுந்தூர முறையையே போட்டு வைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

சோபாவுக்கு வருவோம். நம் கண்ணுக்குக் கறுப்பு என்பது 940 நானோமீட்டரிலும் கறுப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சாயம் போட்ட கறுப்புத் துணிகளில் பல, அகச்சிவப்பில் வெளுப்பாகவே தெரியும். கரித்தூள் கலந்த ரப்பரும் பிளாஸ்டிக்கும் உண்மையாகவே விழுங்கிவிடும். ஆகவே நிறத்தைப் பார்த்து முடிவு கட்டாமல் அளந்து பாருங்கள். அதோடு, குனிந்து உங்கள் சோபாவின் அடியைப் பாருங்கள். கீழே பத்துப் பன்னிரண்டு செ.மீ. இடைவெளி இருக்கிறதா? சென்சார் 5 செ.மீ. உயரத்தில் இருந்தால் அது சோபாவைப் பார்க்கவே இல்லை, சோபாவுக்கு அடியில் உள்ள இருட்டைப் பார்க்கிறது. கிட்டே போகப் போகக் கூம்பு முழுவதும் அந்த இடைவெளிக்குள் போய்விடும். சென்சாரை உயர்த்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இடிப்பது ரோபோவின் எந்த உயரத்தில் நடக்கிறது என்று கவனியுங்கள். சக்கரத்துக்கு மேலே, பேட்டரிப் பெட்டி அளவில் என்றால் நிறத்தின் மேல் குற்றமில்லை.

8190 என்பது தூரம் அல்ல. "எனக்கு நம்பத்தகுந்த எதுவும் கிடைக்கவில்லை" என்பதற்கு அந்தச் சென்சார் சொல்லும் வார்த்தை. பொலோலு நிறுவனத்தின் லைப்ரரியில் 65535 வந்தால் அது இன்னொரு வார்த்தை: நேரம் கடந்தும் சென்சாரிடமிருந்து பதிலே வரவில்லை. இந்த இரண்டையும் உங்கள் நிரல் என்ன செய்கிறது? "தூரம் 20 செ.மீ.க்குக் குறைவென்றால் நில், இல்லையென்றால் போ" என்று எழுதியிருப்பீர்கள். ஏறக்குறைய எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறோம். அந்த நிபந்தனையில் 8190 என்பது எட்டு மீட்டர் திறந்தவெளி. வயர் கழன்று 65535 வந்தால் அறுபத்தைந்து மீட்டர் திறந்தவெளி. கண் தெரியாதபோதுதான் உங்கள் ரோபோ மிகத் தைரியமாக ஓடுகிறது.

பலர் செய்யும் அடுத்த காரியம், அளவுகள் தாவுகின்றன என்று மூன்று அளவின் சராசரி எடுப்பது. 400, 400, 8190 என்று மி.மீ.யில் வந்தால் சராசரி 2997. எதிரே நாற்பது செ.மீ.யில் சுவர் இருக்க, ரோபோ மூன்று மீட்டர் என்று நம்புகிறது. சராசரியை விட்டுவிட்டு நடு எண்ணை எடுங்கள்: மூன்றையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பது. அப்போது 400 கிடைக்கும். ஒற்றைத் தாவல் தானாகக் கழிந்துவிடும். ஆனால் அதற்கும் முன், செல்லாத அளவைச் செல்லாத அளவு என்று தனியே பிரியுங்கள். எஸ்.டி.யின் நிரலும் அதை ஒட்டி எழுதப்பட்ட லைப்ரரிகளும் தூரத்தோடு ஒரு நிலைக்குறியையும் தருகின்றன. எல்0எக்ஸில் 0 என்றால் அளவு சரி, 1 என்றால் தள்ளாட்டம் அதிகம், 2 என்றால் திரும்பிய ஒளி போதவில்லை, 4 என்றால் எட்டாத தூரம் அல்லது பொருந்தாத எதிரொளி. அடாஃப்ரூட் நிறுவனத்தின் மாதிரி நிரல் 4-ஐ மட்டும்தான் தள்ளுபடி செய்கிறது. அதை அப்படியே ரோபோவில் போட்டால் 1-ம் 2-ம் உள்ளே நுழைந்துவிடும். 0 தவிர மற்ற எல்லாவற்றையும் "தெரியவில்லை" என்று வையுங்கள்.

சரி, தெரியவில்லை என்றால் ரோபோ என்ன செய்ய வேண்டும்? உண்மையாகவே காலியான கூடத்திலும் 8190 வரும், கறுப்பு ரப்பருக்கு எதிரேயும் வரும். இரண்டையும் அந்த ஒரு எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. நிற்கச் சொன்னால் பெரிய அறையில் ரோபோ நகரவே நகராது. போகச் சொன்னால் இடிக்கும். விடை வேகத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டில் சென்சாருக்கு மிகக் கடினமான பொருள் எது, அதை எத்தனை செ.மீ.யில் உறுதியாகப் பார்க்கிறது என்று அளந்துவிடுங்கள். 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிரேக் போட்ட பிறகு ரோபோ எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது என்றும் அளந்துவிடுங்கள். இதோடு அளவு எடுக்கும் தாமதத்தையும் கூட்டுங்கள்: விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் 33 மில்லி விநாடிக்கு 1.65 செ.மீ.; மூன்று அளவுக்குக் காத்திருந்தால் 5 செ.மீ. மொத்தமும் 40-க்குள் தாராளமாக அடங்கும் வேகம்தான் "தெரியவில்லை" நிலையில் அனுமதிக்கப்பட்ட வேகம். செல்லும் அளவு வந்து, அது ஒரு மீட்டருக்கு மேல் என்றால் மட்டும் முழு வேகம். வயர் பதில் தராத 65535 நிலைக்கு எந்தச் சலுகையும் இல்லை, உடனே மோட்டாரை நிறுத்த வேண்டும்.

உங்கள் மோட்டார்கள் இதில் இன்னொரு கோளாறையும் கிளப்பலாம். ரோபோ திடீரெனக் கிளம்பும்போதோ திசை மாறும்போதோ மின்னழுத்தம் ஒரு கணம் விழும். சென்சார் அணைந்து மீண்டும் எழும். எழுந்ததும் தன் பழைய முகவரிக்குப் போய்விடும். அல்லது ஐ2சி தொடர்பு (சென்சாரும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் இரண்டு வயர் வழி) பாதியில் தொங்கி, நிரலும் அங்கேயே உறைந்துவிடும். உறைந்த நிரல் மோட்டாருக்குக் கடைசியாகக் கொடுத்த கட்டளை "முன்னே போ" என்றால் சுவர் வரை போகும். லைப்ரரியில் காத்திருப்பு நேர வரம்பை வையுங்கள், நிரல் உறைந்தால் கன்ட்ரோலரை மறுபடி தொடங்கவைக்கும் வாட்ச்டாக் டைமரை இயக்குங்கள், மோட்டாருக்கும் சென்சாருக்கும் மின்சாரத்தைத் தனித்தனி ரெகுலேட்டர் வழியாகக் கொடுங்கள். கிரவுண்ட் (ஜி.என்.டி.) வயர் மட்டும் பொதுவாக இருக்கட்டும்.

முகவரி என்றேன், மூன்று சென்சார் சேராததன் காரணம் அதுதான். இந்தக் குடும்பத்தில் எல்0எக்ஸ், எல்1எக்ஸ் எல்லாமே ஆலையிலிருந்து ஒரே ஐ2சி முகவரியோடு வருகின்றன: ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 29. ஒரே பெயருள்ள மூவரை ஒரே குரலில் கூப்பிட்டால் மூவரும் ஒன்றாகப் பதில் சொல்வார்கள். தீர்வு எளிது. ஒவ்வொரு சென்சார் போர்டிலும் எக்ஸ்-ஷட் என்று ஒரு பின் இருக்கும்; அதைக் கிரவுண்டோடு இணைத்தால் சென்சார் தூங்கும். மூன்றின் எக்ஸ்-ஷட்டையும் கன்ட்ரோலரின் மூன்று பின்களில் இணைத்து மூன்றையும் தூங்க வையுங்கள். முதலாவதை எழுப்புங்கள், சில மில்லி விநாடி பொறுங்கள், அதற்கு ஹெக்ஸ் 30 என்று புது முகவரி கொடுங்கள். இரண்டாவதை எழுப்பி 31. மூன்றாவதை எழுப்பி 32. மின்சாரம் போனால் இந்த முகவரிகள் மறந்துபோகும், ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் இதைச் செய்ய வேண்டும். ஓட்டத்தின் நடுவில் ஒரு சென்சார் பதில் தராமல் போனால், ரோபோவை நிறுத்திவிட்டு இதே வரிசையை மறுபடி ஓடவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில்லு 2.8 வோல்ட்டில் ஓடுகிறது. பல போர்டுகளில் ஐ2சி வயர்களுக்கு மட்டும் வோல்ட்டேஜ் மாற்றும் ஏற்பாடு இருக்கும், எக்ஸ்-ஷட்டுக்கு இருக்காது. அர்டுயினோ யூனோவின் 5 வோல்ட்டை அதில் நேராக ஏற்றாதீர்கள். தூங்க வைக்க அந்தப் பின்னை அவுட்புட்டாக்கித் தாழ்த்துங்கள். எழுப்ப, உயர்த்துவதற்குப் பதில் இன்புட்டாக மாற்றி விட்டுவிடுங்கள். போர்டில் உள்ள ரெசிஸ்டர் தானே மேலே இழுத்துக்கொள்ளும். நான்கு, ஐந்து சென்சாருக்கு மேல் போகிறீர்கள் என்றால் டி.சி.ஏ.9548ஏ என்ற எட்டுவழி ஐ2சி மல்டிபிளெக்ஸரே (ஒரே முகவரி உள்ள சென்சார்களைத் தனித்தனி வழியில் இணைக்கும் சில்லு) நிம்மதி.

மூன்றும் சேர்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக "அள, காத்திரு, வாங்கு" என்று கேட்காதீர்கள். மூன்று முறை 33 மில்லி விநாடி என்றால் ஒரு சுற்றுக்கு நூறு மில்லி விநாடி, அதற்குள் ரோபோ 5 செ.மீ. ஓடியிருக்கும். மூன்றையும் தொடர் அளவு முறையில் விட்டு, தயாராக இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். நேரத்தை மாற்றுவதிலும் ஒரு கணக்கு உண்டு: அளக்கும் நேரத்தை இரட்டித்தால் தள்ளாட்டம் பாதியாகாது, இரண்டின் வர்க்கமூலப் பங்குதான் குறையும். பக்கச் சுவரை ஒட்டி ஓட 33 போதும். நின்ற இடத்தில் துல்லியமாக அளக்க 200 வைக்கலாம்.

அல்ட்ராசோனிக் பற்றிக் கேட்டீர்கள். உங்களிடம் இருப்பது ஹெச்.சி.-எஸ்.ஆர்.04 என்றால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். கண்ணாடிக் கதவு இருக்கும் வீட்டில் லேசர் கண்ணாடியைத் தாண்டிப் போய்விடும். 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி தாண்டாது. வெயிலும் அதற்குப் பொருட்டில்லை. ஆனால் பஞ்சு மெத்தையும் திரைச்சீலையும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், அங்கே லேசர் பார்த்துக்கொள்ளும். வெப்பத்துக்கு ஏற்ப ஒலியின் வேகமும் மாறும்: 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர், 35 டிகிரியில் சுமார் 352. ரோபோ இடிக்காமல் இருக்க இந்த வித்தியாசம் பெரிதில்லை. முன்பக்கம் லேசருக்கு மேல் அதை வைத்து, இரண்டில் எது குறைந்த தூரம் சொல்கிறதோ அதை நம்புங்கள். கன்ட்ரோலர் ஈ.எஸ்.பி.32 என்றால் அல்ட்ராசோனிக்கின் எக்கோ பின் 5 வோல்ட் தரும், நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு இறக்கிக்கொள்ள வேண்டும்.

வேறு சென்சார் வாங்கலாமா என்ற எண்ணம் வந்தால், சுருக்கமாக: வீட்டுக்குள் சுவரும் மேசையும் பார்க்க உங்களிடம் இருப்பதே போதும். வெயிலுக்கும் பார்வையைச் சுருக்குவதற்கும் எல்1எக்ஸ். நீளமாக, மெல்லிய கோடுபோலப் பார்க்க பெனேவேக் நிறுவனத்தின் டி.எஃப். லூனா: 2 டிகிரி பார்வை, 20 செ.மீ. முதல் 8 மீட்டர் வரை. 20-க்கு உள்ளே அது குருடு என்பதால் இடிப்பதைத் தடுக்கத் தனியாக நம்ப முடியாது. எதிரே இருப்பதன் வடிவமே தெரிய வேண்டுமென்றால் வி.எல்.53எல்5சி.எக்ஸ், 8-க்கு 8 கட்டங்களில் 64 தூரங்களைத் தரும். நாற்காலிக் காலையும் பின்சுவரையும் தனித்தனிக் கட்டமாகப் பார்க்கும் அழகு அதில்தான். ஆனால் ஒவ்வொரு முறை எழும்போதும் எண்பது கிலோபைட்டுக்கு மேல் ஒரு நிரலை அதற்கு ஏற்ற வேண்டும். 32 கிலோபைட் நினைவகம் உள்ள யூனோவில் அது நடக்காது, ஈ.எஸ்.பி.32 போன்ற ஒன்று தேவை.

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ எல்1எக்ஸ் வாங்கினால் முதல் வேலையாகச் சில்லுக்குள் இருக்கும் மாடல் எண்ணை நிரல் வழியாகப் படித்துப் பாருங்கள். எல்0எக்ஸ் தன்னை ஹெக்ஸில் "ஈஈ" என்றும், எல்1எக்ஸ் "ஈஏ" என்றும் சொல்லும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரியான ஊதாப் போர்டில் வருவதால் மாறிப்போவதுண்டு.

கண்ணுக்கு ஆபத்தா என்று வீட்டில் கேட்பார்கள். இவை வகுப்பு 1 லேசர்கள், வழக்கமான பயன்பாட்டில் பாதுகாப்பானவை. ஒளியைக் குவிக்கிறேன் என்று முன்னால் லென்ஸ் வைக்காதீர்கள், அப்போது அந்த உறுதி செல்லாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மதியத்தை ஒதுக்குங்கள். மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு ரோபோவைத் தரையில் வையுங்கள். டேப்பை விரித்து 10 செ.மீ. முதல் 120 வரை பத்துப் பத்தாக அடையாளமிடுங்கள். ஒவ்வொரு அடையாளத்திலும் ஒரு வெள்ளை அட்டை, பிறகு சைக்கிள் டியூப் சுற்றிய அட்டை. மூன்றாவதாக, ரோபோவைத் தூக்கிக்கொண்டு போய் சோபாவுக்கு எதிரே வைத்து அதே தூரங்கள். ஒவ்வொன்றிலும் 50 அளவுகள் எடுத்து, எத்தனை செல்லாதவை, மீதியின் நடு எண் என்ன என்று எழுதுங்கள். முதலில் டைல்ஸில், அடுத்து பாயில். அந்த அட்டவணையில் சோபா எந்தத் தூரத்தில் மறைகிறது, பாய் எந்தத் தூரத்தில் பொய்யாக முளைக்கிறது என்று இரண்டு எண்கள் கிடைக்கும்; உங்கள் நிரலில் வேண்டிய எல்லா வரம்புகளும் அவற்றிலிருந்து வரும். முடித்ததும் எனக்கு எழுதுங்கள், தரையிலிருந்து சென்சார் எத்தனை செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்பதையும் கட்டாயம் சேர்த்து.